புகையிலைத் தண்ணீர் தெளித்தவள்

மச்சாள்,

இன்று காலை குசினியில் கை கழுவும்போது ஜாவெல் மணத்தது. கிருமி சாகவென்று ஆசுப்பத்திரியில் நான் நிலம் துடைக்கிற அதே வெளுப்பு மருந்து, ஜாவெல்தான். தண்ணீரில் துளி விட்டு, விரலிடுக்கெல்லாம் தேய்த்து, பிறகு சவர்க்காரம் போட்டு அலம்பிவிட்டுத்தான் இப்போது உமது மிளகாய்ச் செடியைத் தொடுகிறேன். இந்த மணத்துக்காக எத்தனை வருடம் என்னை உமது வாசலில் நிறுத்தி வைத்தீர். "முதல்ல கையைக் கழுவிப்போட்டு வாரும், கக்கூஸ் மணக்குது" என்பீர். இப்போது உமது செடிக்கே அந்த மணம் இல்லாமல் சரிவராது. இதைப் பார்த்தால் உமது மூக்கு எந்தப் பக்கம் சுளிக்கும் என்றும் எனக்குத் தெரியும்.

செத்தவர்களைப் பற்றி நல்லது மட்டும்தான் சொல்லவேண்டுமாம். உமது செத்தவீட்டில் ஒருவர் பின் ஒருவராக எழும்பி, அன்பானவர், அடக்கமானவர் என்றார்கள். அடக்கமாம்! நான் சீலைத் தலைப்பால் வாயைப் பொத்திக்கொண்டேன். அழுகிறேன் என்று நினைத்து யாரோ முதுகைத் தடவினார்கள். உமது அடக்கத்தை மொன்றியலின் கோட்-டெ-நெய்ஜில் ஒரே கட்டடத்தில், இரண்டு மாடி வித்தியாசத்தில், பதினெட்டு வருடம் அனுபவித்தவள் நான். எனக்கு யாரும் வந்து சொல்லத் தேவையில்லை.

நீர் என் புருசனின் தங்கச்சி. எனக்கும் உமக்கும் ஒரே வயது. அதனால் அண்ணி என்ற மரியாதை உம்மிடமிருந்து ஒருநாளும் எனக்குக் கிடைத்ததில்லை. நீர் யாழ்ப்பாணத்தில் விவசாயப் போதனாசிரியராக இருந்தவர். எத்தனை வருடம் என்று கேட்டால் மட்டும் கதையை மாற்றிவிடுவீர். நாலு வருடம், மச்சாள். அந்த நாலு வருடத்தை வைத்துக்கொண்டு இங்கே எங்கள் எல்லோரையும் இருபது வருடம் ஆண்டீர். டோர்வலில் விமானச் சாப்பாட்டுக் குசினியில் தட்டுக்கு மூடி போடுகிற வேலை உமக்கு. ஆனால் ஆரும் கேட்டால், "நான் விவசாயத் திணைக்களம்" என்பீர். விவசாயத் திணைக்களம் உம்மை மறந்து எத்தனை காலம்!

கடையில் நாங்கள் வாங்குகிற பச்சை மிளகாயை இரண்டு விரலால் தூக்கிப் பார்ப்பீர், செத்த எலியைத் தூக்குகிற மாதிரி. "உதுக்கு மணமும் இல்லை, உறைப்பும் இல்லை. புல்லைக் கடிக்கலாம்" என்பீர். அந்த இளக்காரத்தில்தான் உமது வரவேற்பறை மிளகாய்த் தோட்டமானது. சோபாவை வெளியே போட்டீர். வருகிறவர்கள் நிற்கட்டும் என்றீர். இரும்புத் தட்டுகள் மூன்று அடுக்கு, மேலே சங்கிலியில் தொங்குகிற ஊதா விளக்குகள், தானாகப் பற்றித் தானாக அணைய ஒரு மணிப்பொறி. மொன்றியலில் கார்த்திகை மாதம் பின்னேரம் நாலு மணிக்கே வெளிச்சம் ஓடிவிடும். உமது வீட்டில் மட்டும் பதினாறு மணி நேரம் பகல். நாற்று நெட்டையாக வளர்ந்து துவண்டால் விளக்கை ஒரு சாண் கீழே இறக்குவீர். தண்டு உரமேற வேண்டுமென்று சின்னக் காற்றாடியும் பூட்டினீர். உமது அண்ணர் காய்ச்சலில் கிடந்தபோது அந்தக் காற்றாடியைக் கேட்டேன். தரவில்லை. அவர் கிடந்து எழும்புவார், நாற்று எழும்பாது என்றீர்.

ஊதா வெளிச்சம் தெருவரைக்கும் தெரிந்தது. இந்த மாகாணத்தில் கஞ்சாவைக் கடையில் வாங்கலாம், வீட்டில் வளர்க்க முடியாது. கட்டடத்தைப் பார்க்கிற கொன்சியேர்ஜ் ஒருநாள் கதவைத் தட்டினார். உமக்கு பொன்ஜூர், மெர்சி தவிர ஒரு பிரெஞ்சுச் சொல்லும் தெரியாது. படித்தவர் நீர், கூட்டித் துடைக்கிறவள் நான். ஆனால் மொழிபெயர்க்க என்னைத்தானே மேலிருந்து கூப்பிட்டீர்! அந்த மனுசன் மரியாதையாகத்தான் கேட்டார். நீர் அவரை மேலும் கீழும் பார்த்துவிட்டு, "மிளகாயையும் கஞ்சாவையும் வித்தியாசம் தெரியாதவனை ஆர் கட்டடம் பாக்க விட்டவை எண்டு கேளும்" என்றீர். நான் அவரிடம், "மேடம் உங்களைக் கண்டதில் மிகவும் சந்தோசப்படுகிறார், இது பிமாங், மிளகாய்தான், வேண்டுமானால் ஒன்று கொண்டுபோகச் சொல்கிறார்" என்று சொன்னேன். நீர் ஏன் அவன் சிரிக்கிறான் என்று கேட்டீர். உம்மில் மரியாதை வந்து சிரிக்கிறான் என்றேன். நீர் அதையும் நம்பினீர். உம்மை நம்ப வைப்பதற்கு உம்மைப் பற்றிய புகழ்ச்சி ஒன்றே போதும்.

பிறகு கலப்பு. ஊர்ச் செத்தல் மிளகாய் ஒல்லி, காயப்போட்டால் கலகலவென்று காயும். ஆனால் இங்கத்தைக் கோடைக்குள் பழுத்து முடியாது. கரிபியன் கடையில் விற்கிற தொப்பி மிளகாய்க்கு மணம் வீட்டைத் தூக்கும். ஆனால் சதைப்பிடிப்பு, காய்வதற்குள் அழுகிவிடும். இரண்டையும் சேர்த்து, ஒல்லியாக, மணமாக, சன்னல் தட்டில் நிற்கிற குட்டைச் செடியாக ஒன்று எடுக்கப்போகிறேன் என்றீர். அதற்கும் எனக்கு அழைப்பு வந்தது, டோர்ச் பிடிக்க. விடிய வேலைக்குப் போகுமுன் பூ விரியாத மொட்டு ஒன்றைத் தெரிந்து, புருவம் பிடுங்குகிற சாமணத்தால் இதழைப் பிரித்து, மகரந்தப் பைகளை ஒவ்வொன்றாகக் கிள்ளி எடுத்தீர். தொப்பி மிளகாய்ப் பூவின் தூளைத் தூரிகையில் தொட்டு உள்ளே வைத்தீர். காம்பில் சிவப்பு நூல் கட்டினீர். "மூச்சு விடாதையும், தூள் பறந்திடும்" என்று எனக்குக் கட்டளை வேறு.

"கலியாணம் செய்து வைக்கிறீர், சாதகம் பாத்தனீரோ?" என்று கேட்டேன்.

"உமக்குப் பாத்ததிலும் பாக்கத் திறமாப் பாத்தனான்" என்றீர், தலையை நிமிர்த்தாமல்.

உம்மை அந்த இடத்திலேயே அறைந்திருக்கலாம். சிரிப்பு வந்துவிட்டது. மகரந்தம் பறந்துவிட்டது என்று இன்னொரு மொட்டை எடுத்தீர்.

முதல் வருடம் வந்த செடிகள் எல்லாம் ஒன்றைப்போல் ஒன்று. நீர் தலைகால் தெரியாமல் துள்ளவில்லை, அதற்குள் உள்ளது எல்லாம் அடுத்த வருடம்தான் தெரியும் என்றீர். அடுத்த வருடம் அதன் விதையில் நாற்பது சட்டி. ஒன்று நெட்டை, ஒன்று குட்டை, ஒன்றின் காய் உருண்டை, ஒன்று கோணல், ஒன்று உறைப்பே இல்லாமல் குடைமிளகாய்க்குப் பிறந்தது மாதிரி. ஒரே வயிற்றில் பிறந்ததுகள் இப்படியும் இருக்குமோ என்று கேட்டேன். என்னையும் அண்ணையையும் பாரும் என்றீர். உமது வாயில் வந்த உண்மைகளில் அது ஒன்று. முப்பத்தெட்டுச் சட்டியைக் குப்பையில் கொட்டினீர். இரண்டை வைத்தீர். இப்படியே ஒவ்வொரு வருடமும் நல்லதை வைத்து மற்றதைக் கொட்டினீர். முந்தின வருட விதையில் கொஞ்சம் வைத்திரும், என்னவும் நடந்தால் என்று சொன்னேன். "பழைய விதை வைச்சிருக்கிறவள் பழசிலயே நிப்பாள்" என்றீர். இந்த எடுப்புக்குத்தான் பிறகு விலை கொடுத்தோம்.

ஏழாவது வருடம் அது வந்தது. சுண்டுவிரல் நீளம், மேலே பார்த்து நிற்கிற காய், கிள்ளினால் பக்கத்து வீட்டுக்கு மணக்கும். நாக்கில் வைத்தால் முதலில் ஒன்றுமில்லை, நல்ல பிள்ளை மாதிரி இருந்துவிட்டுப் பிறகு ஏறும். ஏறினால் இறங்காது. நான் அதற்கு வாய்க்காரி என்று பெயர் வைத்தேன். பெயரெல்லாம் வைக்கிற பழக்கம் திணைக்களத்தில் இல்லை என்றீர். ஆனால் அடுத்த கிழமை சட்டியில் நீர் ஒட்டியிருந்த துண்டில் உமது கையெழுத்தில் "வாய்க்காரி" என்று இருந்தது. நான் கண்டதாகக் காட்டிக்கொள்ளவில்லை. ஐந்து செடி. உலகத்தில் வேறு எங்கும் இல்லாத ஐந்து செடி.

அந்த ஐப்பசியில்தான் உமது இருதயத்தைத் திறக்க வேண்டுமென்றார்கள். நான் துடைக்கிற ஆசுப்பத்திரியிலேயே படுத்தீர். நான் துடைத்த நிலத்தை எட்டிப் பார்த்து, கட்டிலுக்குக் கீழே ஒரு மூலையை நான் விட்டுவிட்டேன் என்று நேர்ஸிடம் கையைக் காட்டினீர். வீட்டுத் திறப்பை என்னிடம் தந்து, தண்ணீர் மட்டும் ஊற்றும், வேறொன்றும் செய்யாதையும், யோசிக்காதையும் என்றீர். யோசிக்காதையும்! அந்த ஒரு சொல்லுக்காகவே நான் யோசித்தேன்.

கோயிலில் ஒரு துளசிச் சட்டி தந்தார்கள். என் வீட்டில் வெயில் இல்லை. உமது வீட்டில் பதினாறு மணி நேரம் வெளிச்சம் சும்மா எரிகிறது. கொண்டுபோய் வாய்க்காரிக்குப் பக்கத்தில் வைத்தேன். சாமிக்கு வைக்கிற செடியில் அழுக்கு இருக்குமென்று ஆர் நினைப்பார்கள்? அஞ்சாம் நாள் பார்த்தால் மிளகாய்க் கொழுந்தின் அடிப்பக்கமெல்லாம் பச்சைப் புள்ளியாக அழுக்கணவன் பூச்சி. சாறு உறிஞ்சி, இலை சுருண்டு, கை வைத்தால் பிசுபிசுக்கிறது. துளசியைத் தூக்கி வெளியே எறிந்தேன். உமக்குச் சொல்லியிருக்கலாம். சொன்னால் என்ன சொல்வீர் என்று தெரிந்ததால் சொல்லவில்லை.

எனக்கு ஒரு வைத்தியம் தெரியும். என் அப்பு புகையிலைத் தோட்டக்காரர். கத்தரியில் பூச்சி கண்டால் புகையிலைத் தண்ணிதான் அடிப்பார். என் புருசன், உமது அண்ணர், வெற்றிலையோடு போடுகிற ஊர்ப் புகையிலையில் இரண்டு துண்டை எடுத்து ஒரு நாள் ஊறவைத்தேன். வடித்து, கண்ணாடி துடைக்கிற போத்தலில் விட்டு, ஐந்து செடிக்கும் மேலும் கீழுமாகத் தெளித்தேன். போதாதென்று விரலால் ஒவ்வொரு இலையையும் தேய்த்துக் கழுவினேன். இரண்டு நாளில் ஒரு அழுக்கணவன் இல்லை. அன்றைக்கு நான் அந்த ஊதா வெளிச்சத்தில் நின்று, நாலு வருடம் திணைக்களத்தில் கிழித்தவரை நினைத்து நன்றாகச் சிரித்தேன், மச்சாள். அதையும் எழுதத்தான் வேண்டும்.

மூன்றாம் கிழமை உம்மை வீட்டுக்குக் கூட்டி வந்தோம், நானும் அவருமாக. நீர் கோட்டைக்கூடக் கழற்றவில்லை. நேரே செடிக்குப் போனீர். இலைகளில் வெளிறின பச்சையும் கரும்பச்சையுமாகத் தேமல். கொழுந்து எல்லாம் நூலாகிப் பிசகியிருந்தது. ஒரு இலையை விளக்குக்கு நேரே பிடித்துப் பார்த்தீர். பிறகு தட்டில் இருந்த போத்தலை எடுத்து, மூடியைத் திறந்து மணந்து பார்த்தீர். திரும்பி என்னைப் பார்த்தீர். அவ்வளவுதான்.

"என்ன நடந்தது?" என்று உமது அண்ணர் கேட்டார்.

"ஆசுப்பத்திரிக்குப் போகமுந்தி நான்தான் புகையிலைத் தண்ணி அடிச்சனான்" என்றீர். "புகையிலையில இருக்கிற நோய் மிளகாய்க்கும் தொத்தும். மறந்துபோனன்."

அவர் சிரித்த சிரிப்பு! விவசாயப் போதனாசிரியர், ஊருக்கெல்லாம் படிப்பித்தவர் என்று சொல்லிச் சொல்லிச் சிரித்தார். ஐந்து நிமிடத்துக்குள் கனடாவில் இருக்கிற சொந்தக்காரர் பாதிப் பேருக்குத் தொலைபேசியில் சொல்லியிருப்பார். வாய்க்காரி என்று பெயர் வைக்கத் தெரிந்தவளுக்கு அந்த நேரம் வாய் வரவில்லை.

அவர் போன பிறகு ஏன் என்று கேட்டேன். நீர் கதிரையில் இருந்து, நெஞ்சுத் தையலைக் கையால் பொத்திக்கொண்டு சொன்னீர்: "அண்ணையை எனக்குத் தெரியும். என்னைப் பாத்து நாலு நாள் சிரிப்பார். உம்மைச் சாகுமட்டும் விடமாட்டார்."

பிறகு, நான் எங்கே அழுதுவிடுவேனோ என்ற பயத்திலோ என்னவோ, உமது வழமைக்கு வந்தீர். கூட்டித் துடைக்கிற உமக்கு இது தெரியாதது பிழையில்லை, தெரிந்த நான் உமக்குச் சொல்லாமல் போனதுதான் பிழை என்றீர். கும்பிட்டாலும் குத்திவிட்டுத்தான் கும்பிடுவீர்.

செடியைக் காப்பாற்ற வழியில்லை. அந்த நோய்க்கு மருந்தில்லை. ஆனால் நீர் போகுமுன்பே நூல் கட்டி விட்டிருந்த காய்கள் ஒன்பது பழுத்து நின்றன. நோய் அனேகமாக விதையின் தோலில்தான் ஒட்டியிருக்கும், கழுவினால் தப்பினாலும் தப்பும் என்றீர். எதனால் கழுவுவது என்று கேட்டேன். முதல் தடவையாக உமது முகத்தில் என்னிடம் ஒன்று கேட்கிற பார்வை வந்தது.

"ஜாவெல். எவ்வளவுக்கு எவ்வளவு கலக்கிறது எண்டு உமக்குத்தானே தெரியும்" என்றீர்.

தெரியும், மச்சாள். ஒரு பங்குக்கு ஒன்பது பங்கு தண்ணீர். நோயாளியின் கட்டில் கம்பியைத் துடைக்கிற கணக்கு அது. ஆனால் விதை காய வேண்டும், தை பிறக்கட்டும், இருவருமாகச் செய்வோம் என்றீர். தை பிறந்த கிழமை உமது இருதயம் நின்றுவிட்டது. எல்லாவற்றிலும் நேரம் பார்க்கிறவர், இதில் மட்டும் பார்க்கவில்லை.

முப்பத்தோராம் நாள் அந்தியேட்டிச் சாப்பாட்டில் உமது அண்ணர் அந்தக் கதையை மறுபடி எடுத்தார். அடக்கமானவர் என்று அழுதவர்கள் எல்லாம் வடையைக் கடித்துக்கொண்டு சிரித்தார்கள். படிச்ச ஆக்களுக்கு இப்படித்தான் என்று ஒருத்தி சொன்னாள். நானும் சிரித்தேன். சும்மா இருந்திருக்கலாம். சிரித்தேன். உம்மை எத்தனையோ தடவை கேவலமாக நினைத்திருக்கிறேன், அதில் பாதிக்கு நீர் உரியவர்தான். ஆனால் அன்றைக்குச் சோற்றை வைத்துக்கொண்டு சிரித்தவளைவிடக் கேவலமான ஒருத்தியை நான் கண்டதில்லை.

பங்குனியில் விதையைக் கழுவினேன். ஜாவெல் தண்ணீரில் போட்டு, எடுத்து, ஓடுகிற தண்ணீரில் மணம் போகும்வரை அலசி, உமது விளக்கின் கீழ் வைத்தேன். இப்போது விளக்கு என் வீட்டில். என் சோபாவும் வெளியே. இருபத்திரண்டு முளைத்தது. முதல் நாலு இலையிலேயே பன்னிரண்டில் தேமல் தெரிந்தது. வேரோடு பிடுங்கிப் பையில் கட்டிக் குப்பையில் போட்டேன். நீர் நாற்பதில் முப்பத்தெட்டைக் கொட்டியபோது கல் நெஞ்சுக்காரி என்று சொன்னவள் நான்தான். ஆனியில் இன்னும் ஏழு போனது. மூன்று நின்றது. அந்த மூன்றிலும் இலை சுத்தம். கோடை முழுக்க பல்கனியில் காய்த்தன, குளிர் வரமுன் உள்ளே விளக்கின் கீழ் எடுத்து வைத்தேன். கோயிலில் கண்ட பெண்கள் விதை கேட்டார்கள். சிரித்தவளுகளுக்கு விதையா? நான் கொடுக்கவில்லை.

நேற்று உமது ஆட்டைத் திவசம், நீர் போய் ஒரு வருடம். வெளியே முழங்கால் அளவு பனி. அப்படியும் எல்லோரும் வந்தார்கள், சாப்பாடு என்றால் வராமல் விடுவார்களா? சைவச் சாப்பாடு, பருப்பு, கத்தரிக்காய்ப் பால்கறி, தேங்காய்ச் சம்பல். சம்பலுக்கு வாய்க்காரி நாலு பிடுங்கினேன். உமது அண்ணர் ஒரு பிடி வாயில் வைத்தார். முதலில் ஒன்றுமில்லை. பிறகு கண் சிவந்து, தண்ணீரைத் தேடினார்.

"இது தங்கச்சியின்ர மிளகாயெல்லோ" என்றார். "அவள்தானே புகையிலைத் தண்ணி அடிச்சு எல்லாத்தையும் சாகடிச்சவள்." அங்கே இங்கே சிரிப்புக் கிளம்பத் தொடங்கிவிட்டது.

நான் சோற்றுக் கரண்டியோடு நின்றேன்.

"அவ அடிக்கேல்லை. நான்தான் அடிச்சனான். அவ ஆசுப்பத்திரியில கிடக்கேக்க. என்னை நீங்கள் நக்கலடிப்பியள் எண்டுதான், தான் செய்ததாச் சொன்னவ."

பிறகு உமது அண்ணர் துண்டால் வாயைத் துடைத்துக்கொண்டு, அதுதானே பார்த்தேன், என் தங்கச்சி படித்தவள், அவள் அப்படிச் செய்வாளா, கூட்டித் துடைக்கிறவளின் வேலையென்று அப்போதே எனக்குத் தெரியும் என்றார். எல்லோரும் சிரித்தார்கள். பார்த்தீரா, மச்சாள்? ஒரு வருடம் உம்மை நினைத்துச் சிரித்த அதே வாய்கள், ஒரு நிமிடத்தில் திரும்பிவிட்டன. நீர் சொன்னது சரி. சாகுமட்டும் விடமாட்டார். விடாமல் இருக்கட்டும். அது எனக்கு வரவேண்டிய சிரிப்பு, நீர் ஒரு வருடம் வைத்திருந்தது போதும்.

இதை எழுதிக்கொண்டிருக்கும்போது அவர் வெற்றிலையைக் குதப்பிக்கொண்டு வந்தார். என்றும் இல்லாத புதினமாக, அவள் செடியை ஒருக்கால் பார்ப்போம் என்றார். இலையைத் தொடக் கையை நீட்டினார். நான் எழும்பிப்போய் இடையில் நின்றேன்.

"முதல்ல கையைக் கழுவிப்போட்டு வாங்கோ. புகையிலை மணக்குது."

அவர் என்னைப் பார்த்தார். கல்யாணம் கட்டி முப்பது வருடத்தில் நான் அவரை எங்கேயும் நிறுத்தியதில்லை. குசினிக்குப் போனார். சவர்க்காரம் காணாது, ஜாவெலும் போடுங்கோ என்று இங்கிருந்தே சொன்னேன்.

தண்ணீர் ஓடுகிற சத்தம் கேட்கிறது, மச்சாள். கழுவுகிறார்.